பழைய விமானச் சிமுலேட்டர்களும் புதிய கிராபிக்ஸ் கார்டும்

விமானம் ஓட்டும் முறையைக் கணிப்பொறித் திரையிலேயே பயில்வதற்கென அமைந்த மென்பொருளை பிளைட் சிமுலேட்டர் என்கிறோம். இவ்வகையில் மைக்ரோசாப்ட் நிறுவனம் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிளைட் சிமுலேட்டர் 2004’, 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிளைட் சிமுலேட்டர் எக்ஸ்’ ஆகிய இரண்டும் பழையனவாயினும், எளிய கணிப்பொறியிலும் இயங்கும் காரணத்தால் இன்றும் விரும்பப்படுகின்றன. திசைகாட்டி, உயரமானி, காற்றின் திசைவேகம், ஏற்றவிசை முதலியவற்றை மாணாக்கர்க்கு விளக்க இவற்றினும் நல்ல கருவி கிடைப்பது அரிது.

ஆனால் காட்சி தடையின்றி ஓடினால்தான் பயன் உண்டு. திரையில் தோன்றும் அசைவு, ஒன்றன்பின் ஒன்றாக வரும் தனித்தனிப் படங்களால் ஆயது. மணிக்கு 140 கடல்மைல் வேகத்தில் தரையிறங்க வரும் விமானம் வினாடிக்கு ஏறத்தாழ 72 மீட்டர் செல்கிறது. வினாடிக்குப் பத்துப் படங்களே தோன்றுமாயின், ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் இடையில் விமானம் 7 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். மூன்று பாகைச் சரிவில் ஓடுபாதையின் முனையை 15 மீட்டர் உயரத்தில் கடப்பவனுக்குத் தரை தொடும்வரை நான்கு வினாடிகளே உள்ளன. நாற்பது படங்களைக் கொண்டு அவன் மூக்கை உயர்த்தி, வேகத்தைக் குறைத்து இறங்கவேண்டும். பயிலுபவன் தவறுவது தன் கைக்குறையால் அன்று, பொறியின் தாமதத்தால் என்றால் பாடமே பிழைபட்டுப் போகிறது.

இந்நிலையில் பலரும் கூறும் முதல் யோசனை, புதிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்துக என்பது. பள்ளியின் அறிவியல் மன்றத்திற்கு எப்போதோ ஒருமுறை கிடைக்கும் சிறு தொகை இதில் முழுவதும் செலவாகிவிடலாம். அவ்வாறு செலவிட்ட பின்னும் படங்களின் எண்ணிக்கை அணுவளவும் உயராமல் நிற்பது பழைய சிமுலேட்டர்களில் மிகச் சாதாரணமாக நிகழ்வதாகும். ஏன் என்று ஆராய்வோம்.

ஒவ்வொரு படமும் இரண்டு கைகளைக் கடந்து வருகிறது. மையச் செயலி, விமானத்தின் இயக்கம், காற்று, பிற விமானங்கள், கண்ணில் படும் வீடு மரங்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டு, ‘இதை இங்கே வரைக’ என்னும் கட்டளைகளைத் தொகுக்கிறது. கிராபிக்ஸ் கார்டு அக்கட்டளைகளை ஏற்றுத் திரைப்புள்ளிகளாக நிறந்தீட்டுகிறது. முன்னது கட்டளை அனுப்பும் வேகத்தை மீறிப் பின்னதால் வரைய இயலாது.

திருவனந்தபுரத்துத் தம்பானூரைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே ரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் சாலையின் இருபுறத்தும் எதிரெதிரே உள்ளன. நாகர்கோவிலிலிருந்து வந்த வண்டியில் இறங்கியோர் அனைவரும் ஒரே வாயில் வழியாக வரிசையில் வெளியேற வேண்டியுள்ளது என்று கொள்வோம். எதிரே இரட்டிப்பு இருக்கைகளுடைய பேருந்துகளைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், ஒரு நிமிடத்தில் ஊர் போய்ச் சேருவோரின் தொகை உயர்ந்துவிடுமா? வாயில் விடுவதைத்தான் பேருந்து ஏற்றும். பேருந்தே இல்லாமல் பயணிகள் தேங்கி நிற்பின், அப்போது மட்டும் புதிய பேருந்தால் பயன் விளையும். வாயிலின் இடத்தில் மையச் செயலியையும் பேருந்தின் இடத்தில் கார்டையும் வைத்துக்கொள்க.

எண்ணால் காட்டுவோம். ஒரு படத்திற்குச் செயலி 50 மில்லி வினாடியும், கார்டு 20 மில்லி வினாடியும் எடுப்பதாகக் கொள்க. ஒரு படத்தைக் கார்டு வரைந்துகொண்டிருக்கும்போதே அடுத்த படத்தின் வேலையைச் செயலி தொடங்கிவிடுமாதலின், பெரிய எண்ணே வேகத்தை நிர்ணயிக்கும். கிடைப்பது வினாடிக்கு 20 படங்கள். நான்கு மடங்கு வேகமுள்ள கார்டைப் பொருத்தினால் 20 என்பது 5 ஆகும். ஆயினும் 50 அப்படியே நிற்கிறது, படங்களும் இருபதே.

பழைய சிமுலேட்டர்களில் இந்த வாயில் மிகக் குறுகலாக அமைந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1975 இல் புரூஸ் ஆர்ட்விக் இத்துறையில் ஆய்வேடு எழுதினார். அவருடைய சிமுலேட்டர் 1980 இல் ஆப்பிள் கணிப்பொறிக்கும், 1982 இல் மைக்ரோசாப்ட் பெயரில் ஐ.பி.எம். கணிப்பொறிக்கும் வந்தது. அக்காலத்தில் முப்பரிமாணக் காட்சி வரையும் கார்டுகளே இல்லை. ஒவ்வொரு கோட்டையும் செயலிதான் வரைந்தது. பின்னர் 1990-களின் நடுவில் அத்தகைய கார்டுகள் பரவின. எனினும், செயலியின் துடிப்பு வேகம் ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போகும் என்ற நம்பிக்கை கணிப்பொறி உலகில் நீடித்தது. அந்நம்பிக்கை 2004 இல் தகர்ந்தது. அவ்வாண்டு இன்டெல் நிறுவனம் 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம்-4 செயலியோடு நின்றது. அறிவித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸ் செயலியைக் கைவிட்டது. வெப்பமே தடை. அதன்பின் ஒரே வேகமான செயலிக்குப் பதிலாக, ‘கோர்’ எனப்படும் கணிப்பகுதிகள் பலவற்றை ஒருங்கே அமைக்கும் வழக்கம் வந்தது.

எப்எஸ்எக்ஸ் என்று சுருக்கமாக வழங்கும் 2006 ஆம் ஆண்டுப் பதிப்போ, முக்கிய வேலையை ஒரே கோரில் வரிசையாகச் செய்யும் அமைப்புடையது. அடுத்த ஆண்டில் வெளிவந்த திருத்தப் பொதி, நிலப்பரப்புப் படங்களை ஏற்றும் பணியைப் பிற கோர்களுக்குப் பகிர்ந்தளித்தது உண்மையே. நிலக்காட்சி தெளிவடையும் வேகம் இதனால் கூடியது. ஆனால் வரைதற் கட்டளைகளின் வரிசை ஒற்றை வரிசையாகவே இருந்தது. அதனை உருவாக்கிய குழுவையும் 2009 ஜனவரியில் மைக்ரோசாப்ட் கலைத்துவிட்டது.

இனிச் சோதனைக்கு வருவோம். இதற்குப் பணம் வேண்டா. அரைமணி நேரம் போதும். திருவனந்தபுரம் விமான நிலையத்தையே களமாகக் கொள்ளலாம். அதன் ஓடுபாதை கடற்கரையை ஒட்டி வடமேற்கு தென்கிழக்காக அமைந்தது. தென்மேற்கே அரபிக்கடல், கிழக்கே நேர்கோட்டில் நான்கு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் தம்பானூர். ஷிப்ட் விசையோடு இசட் விசையைச் சிலமுறை அழுத்தினால் வினாடிக்கு எத்தனை படங்கள் என்னும் எண் திரையில் தோன்றும். அமைப்புப் பக்கத்தில் படங்களின் உச்சவரம்பை முன்னரே நீக்கிவிடுதல் அவசியம். இல்லையேல் வரம்பைத்தான் அளப்போம்.

முதலில் கடலை நோக்கிப் பறந்து எண்ணைக் குறிக்க. பின்னர் நகரின் பக்கம் திரும்பிக் குறிக்க. (தம்பானூர் நிலையக் கட்டடத்தை அவ்வாறே காணலாம் என்று எதிர்பார்க்க வேண்டா. நிலத்தின் வகைக்கேற்பச் சிமுலேட்டர் தானே வீடுகளையும் மரங்களையும் தூவிக்கொள்கிறது.) நகரின் பக்கம் எண் இறங்கும். இறக்கத்திற்குக் காரணம் செயலியா, கார்டா என்பது இவ்வளவில் தெரியாது. அதே இடத்தில், அதே வானிலையில், திரைப்புள்ளிகளை 1920 × 1080 என்பதிலிருந்து 1024 × 768 ஆகக் குறைக்க. புள்ளிகள் ஏறத்தாழ 20.7 லட்சத்திலிருந்து 7.9 லட்சமாகின்றன, கார்டு தீட்டவேண்டிய பரப்பு ஐந்தில் இரண்டு பங்கினும் குறைந்துவிட்டது. செயலியின் வேலையோ மாறவில்லை. எண் நன்கு உயர்ந்தால் கார்டே தடை, வாங்கலாம். உயராது நின்றால் செயலியே தடை. அப்போது வீடு, மரங்களின் அடர்த்தியையும் பிற விமானங்களின் எண்ணிக்கையையும் குறைத்துப் பார்த்தால் எண் உயரக் காணலாம். பயிற்சிக்கு அவ்வலங்காரம் பெரும்பாலும் வேண்டுவதும் இல்லை.

கார்டினால் பயனே இல்லை என்று கொள்ளலாகாது. தனிக் கார்டு இன்றிப் பழைய தாய்ப்பலகையிலேயே அமைந்த வரைகலைப் பகுதியால் இயங்கும் கணிப்பொறிக்கு, விலை குறைந்த கார்டு ஒன்றும் பெரும் மாற்றம் தரும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மேகங்கள், கோடுகளின் படிக்கட்டு ஓரங்களை மழுக்கும் அமைப்பு, இரண்டு மூன்று திரைகள் ஆகியவை கார்டின் மேல் விழும் பாரங்கள். படங்களின் எண்ணிக்கை உயராவிடினும், உள்ள எண்ணிக்கையிலேயே காட்சியின் தெளிவைக் கூட்டிக்கொள்ளப் புதிய கார்டு இடந்தரும். ஆனால் எப்எஸ்எக்ஸ் 32 பிட் மென்பொருளாதலின் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவக முகவரிகளை அதனால் கையாள இயலாது. ‘நினைவகம் போதவில்லை’ என்று அது நின்றுவிடும் குறையைக் கார்டிலுள்ள பெரிய நினைவகம் தீர்க்காது.

புதியது என்பதாலேயே பழைய மென்பொருளுக்கு ஏற்றது என்றும் ஆகாது. 2022 இல் வந்த இன்டெல் ஆர்க் கார்டுகள், எப்எஸ்எக்ஸ் கையாளும் டைரக்ட்எக்ஸ்-9 கட்டளைகளைத் தொடக்கத்தில் நேரே ஏற்காமல், டைரக்ட்எக்ஸ்-12 ஆக மொழிபெயர்த்தே நிறைவேற்றின.

சோதனைக்குப் பின் கார்டு வேண்டும் என்றே முடிவானால், கடைக்குச் செல்லுமுன் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுதல் நலம். 2004-க்கு முற்பட்ட தாய்ப்பலகைகளில் ஏ.ஜி.பி. செருகுவாயே காணப்படும், இக்காலத்துப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டு அதில் பொருந்தாது. பொருந்தும் செருகுவாயும் 75 வாட் வரையே மின்சாரம் தரும். அதற்கு மேல் வேண்டும் கார்டுகளுக்கு மின்வழங்கியிலிருந்து ஆறு அல்லது எட்டு ஊசிக் கம்பி தனியே வரவேண்டும். பழைய மின்வழங்கியில் அக்கம்பி இல்லையெனில், தனிக் கம்பி வேண்டாத 75 வாட்டுக்குட்பட்ட கார்டையே கேட்டு வாங்குக.