மருத்துவக் கவனக்குறைவு: இழப்பீடு கேட்க யாரை அணுகுவது?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளியின் நிலை மோசமானால், மருத்துவரின் கவனக்குறைவு என்று வழக்குத் தொடர முடியுமா? சட்ட உதவி எங்கே கிடைக்கும்?

பதில்: சிகிச்சை பலிக்காமல் போனது மட்டுமே கவனக்குறைவு ஆகாது. அதே துறையில் சராசரித் திறமை உள்ள மருத்துவர் செய்திருக்கக்கூடியதைச் செய்யத் தவறினாரா என்பதையே நீதிமன்றம் பார்க்கும். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை தேவை என்று பெற்றோரிடம் சொல்லப்படவில்லை; குழந்தை பார்வையை இழந்தது. அந்த வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் வழங்க உத்தரவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதும் கவனக்குறைவுதான்.

வழக்கறிஞரைத் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கேஸ் ஷீட், பரிசோதனை முடிவுகள், ஒப்புதல் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றின் நகல்களை எழுத்து மூலம் கேட்டு, கடிதம் பெற்றதற்கு ஒப்புகை வாங்க வேண்டும். மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். பெரும்பாலான வழக்குகள் வலுப்பதும் வீழ்வதும் இந்தத் தாள்களால்தான். அவற்றை அதே துறையைச் சேர்ந்த, அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத மருத்துவர் ஒருவரிடம் காட்டிக் கருத்து கேட்பது அவசியம்.

கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. எனவே இழப்பீட்டுக்கு நுகர்வோர் குறைதீர் ஆணையமே நேரான வழி. மருத்துவமனைக்குச் செலுத்திய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் மருத்துவ வழக்கில் அது ஆபத்தான துணிச்சல். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்பதால், அங்கே உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான் வழி.

வழக்கறிஞர் மருத்துவ வழக்குகளை நடத்தியவராக இருப்பது நல்லது. வரும் இழப்பீட்டில் பங்கு கேட்பவரைத் தவிர்க்க வேண்டும். இந்தியாவில் பார் கவுன்சில் விதிகள் அதைத் தடை செய்கின்றன. வசதி இல்லாதவர்கள், நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் அரசு செலவில் வழக்கறிஞர் கிடைப்பார். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லை. 15100 என்ற எண்ணில் தகவல் பெறலாம்.

பலர் முதலில் ஓடுவது காவல் நிலையத்துக்கு. குற்ற வழக்குக்குச் சாதாரணத் தவறு போதாது, மிக மோசமான அலட்சியம் வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மருத்துவ கவுன்சில் மருத்துவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும், இழப்பீடு வழங்காது.

நுகர்வோர் ஆணையத்தில் கெடு இரண்டு ஆண்டுகள். மருத்துவமனையோடு சமரசம் பேசுவதால் அது நீளாது. பாதிப்பு பின்னாளில்தான் தெரியவந்தால் அந்த நாளிலிருந்து கணக்கிட இடமுண்டு. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் வலியோடு இருந்தும் மருத்துவரிடம் கேட்காத ஒரு செவிலியரின் புகாரை, வயிற்றில் துணி விடப்பட்டதாகக் கூறப்பட்டபோதும், 2010இல் உச்ச நீதிமன்றம் காலம் கடந்தது என்று நிராகரித்துவிட்டது.