சென்னை – சிங்கப்பூர்: பறக்கும் தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

டிக்கெட்டில் புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் இருக்கும். எவ்வளவு தூரம், உண்மையில் எத்தனை மணி நேரப் பயணம் என்பதைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி வரை போட்டுப் பார்ப்போம்.

முதலில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். ஊருடையது அல்ல, விமான நிலையத்துடையது. கூகுள் மேப்பில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எண்கள் வந்துவிடும். சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17. சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99.

அட்சரேகை வித்தியாசம் 11.63 பாகை. பாகைக்கு 111 கி.மீ. வீதம் 1,291 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 23.82 பாகை. இதை 111-ஆல் பெருக்கியதோடு விட்டுவிடாதீர்கள். துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிக்கொண்டே வரும். ஆகவே இரு அட்சரேகைகளின் சராசரியான 7.2 பாகையின் கோசைன் மதிப்பு 0.992-ஆலும் பெருக்க வேண்டும். கிடைப்பது 2,623 கி.மீ. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 2,920 கி.மீ. விமானிகள் பேசும் கடல் மைலில் வேண்டுமென்றால் 1.852-ஆல் வகுங்கள், ஏறக்குறைய 1,577.

நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களுக்கு இந்த வழி மிகச் சரியாக வரும். லண்டன் – நியூயார்க் போன்ற வடகோடித் தடங்களுக்கு வராது. அதற்கு உலக உருண்டையில் இரு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள், அதுதான் குறுக்குவழி. தட்டையான படத்தில் அது வடக்கே வளைந்து தெரியும்.

அடுத்தது நேரம். ஜெட் விமானத்துக்கு மணிக்கு 850 கி.மீ. என்று வைத்தால் 3 மணி 26 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணியிலிருந்து முக்கால் மணி சேருங்கள். டிக்கெட் நேரம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். தாமதத்துக்கு இடம்விட்டுத்தான் அட்டவணை போடுகிறார்கள்.

காற்றையும் பாதையையும் மறக்க வேண்டாம். அட்லாண்டிக்கின் மேல் மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்றால் லண்டனிலிருந்து நியூயார்க் போவதைவிடத் திரும்பி வருவது சுமார் ஒரு மணி நேரம் குறைவு. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாகிவிட்டது. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன!

பலர் தடுமாறுவது நேர வித்தியாசத்தில். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு 11 மணிக்குக் கிளம்பி 4 மணி 20 நிமிடம் பறந்தால் அங்கே காலை 5.50. இரு நேரங்களையும் அப்படியே கழித்தால் 6 மணி 50 நிமிடம் என்று தப்பாக வரும். எனக்குப் பிடித்த சுலப வழி ஒன்று: வருகைப் பயணத்தையும் அதேபோலக் கழியுங்கள். சிங்கப்பூரில் இரவு 8-க்கு ஏறி சென்னையில் 9.50-க்கு இறங்கினால் 1 மணி 50 நிமிடம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 4 மணி 20 நிமிடம். நேர வித்தியாசம் தெரியாத ஊருக்கும் இது பொருந்தும். காற்றால் வரும் ஏற்ற இறக்கத்தின் சராசரியும் அதிலேயே வந்துவிடும்.

கடைசியாகத் தேதி. 15-ஆம் தேதி 00.15 என்று டிக்கெட்டில் இருந்தால், 14-ஆம் தேதி இரவு 9 மணிக்கே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும்.