தீர்த்தன் பள்ளத்தாக்கில் கூடாரம்

மலையேற்றம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மலையேற்றப் பயிற்சியாளர் பதில் சொல்கிறார்.

நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன் மூவரும் வருடம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள். மே மாதம் இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவுக்குப் போய், சொந்தக் கூடாரத்தில் நான்கு இரவுகள் தங்க ஆசை. வழிகாட்டிக்குக் கொடுப்பது வீண் செலவு, செல்போனில் வரைபடம் இருந்தால் போதும் என்கிறான் மகன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் ஐயா? (வாசகர், கோவை)

உங்கள் மகனுடைய உற்சாகம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

வெள்ளியங்கிரியில் நள்ளிரவில் ஏறினாலும் முன்னும் பின்னும் ஆட்கள் இருப்பார்கள். கால் சுளுக்கினால் கைகொடுக்க யாராவது வருவார்கள். இந்தப் பூங்கா சுமார் 754 சதுர கிலோமீட்டர் பரப்பு. உள்ளே வண்டி போகும் பாதை கிடையாது. தீர்த்தன் ஆற்றுப் பக்கமாக நுழைந்தால், வாயிலைத் தாண்டிய பிறகு ஊரும் இல்லை, கடையும் இல்லை. செல்போன் சிக்னலை நம்பவே வேண்டாம். ஒருவருக்கு அடிபட்டால் நாலு பேர் சுமந்துதான் கீழே கொண்டுவர வேண்டும். அந்த நாலு பேரை நீங்கள் முன்கூட்டியே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

வரைபடம் பாதையைக் காட்டும். போன மழையில் அடித்துப் போன மரப்பாலத்தைக் காட்டாது. மே மாதத்தில் மேலே பனி உருகும் காலம். காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடுகிற ஓடை, வெயில் ஏறிய பிறகு பிற்பகலில் தொடை வரைக்கும் வந்துவிடும். அதைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும் என்பது அங்கே பிறந்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பணம் வீண் என்கிற பேச்சுக்கும் வருகிறேன். இந்தக் காடு பல தலைமுறைகளாக அந்த ஊர்க்காரர்களின் பிழைப்பாக இருந்தது. கோடையில் ஆட்டு மந்தையை மேலே உள்ள புல்வெளிகளுக்கு ஓட்டிப் போவார்கள். மூலிகை எடுப்பார்கள், வசந்தத்தில் குச்சி என்கிற விலையுயர்ந்த காளான் பொறுக்கி விற்பார்கள். 1984-இல் பூங்காவுக்கான முதல் அறிவிப்பு வந்தது. 1999-இல் அது இறுதியானபோது அந்த உரிமைகள் போயின. 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உலகத்துக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்கான விலையை மேய்ச்சலை இழந்த குடும்பங்கள் கொடுத்தன. அதற்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்தவற்றில் ஒன்று, நம்மைப் போன்றவர்களுக்கு வழிகாட்டுவது, சுமை தூக்குவது, சமைத்துப் போடுவது. அந்தக் கூலியில் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். டெல்லியிலோ சண்டிகரிலோ இருக்கிற நிறுவனத்துக்கு முழுப் பணத்தையும் கொடுப்பதைவிட, குஷைனியிலோ பஞ்சாரிலோ உள்ளவர்களை நேரடியாக அமர்த்திக்கொள்ளுங்கள்.

வழி இதுதான்: மணாலி பஸ்ஸில் ஔட்டில் இறங்கி, அங்கிருந்து பஞ்சார் போங்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் பூங்காவுக்குள் விடமாட்டார்கள். சாய் ரோப்பாவில் உள்ள பூங்கா அலுவலகத்தில் அதை வாங்கிக்கொள்ளலாம், அடையாள அட்டையை மறக்க வேண்டாம். குஷைனியில் ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கி இளைப்பாறுங்கள். மறுநாள் ஆற்றை ஒட்டிய காட்டு வழியில் ரோல்லா. சுமார் 2,100 மீட்டர் உயரம், கூடாரத்துக்கு ஏற்ற இடம். அடுத்த நாள் ஷில்ட், சுமார் 3,100 மீட்டர். ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் செங்குத்து ஏற்றம், மூச்சு வாங்கும். ஷில்ட்டில் இரண்டு இரவுகள் இருங்கள். நடுவில் உள்ள பகலில் ரக்குண்டி உச்சிக்கு ஏறிவிட்டு ஷில்ட்டுக்கே திரும்பி, மறுநாள் ரோல்லாவுக்கு இறங்கி, கடைசி இரவை அங்கே கழியுங்கள். நாலு இரவுக்கு இது நிறைவான பயணம். தீர்த்தன் பிறக்கும் இடம் வரை போக இன்னும் பல நாள் வேண்டும். முதல் முறையே அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

போன வருடம் உத்தராகண்டில் கூடாரத்தில் தங்கினோம். “மைனஸ் 5” என்று போட்ட ஸ்லீப்பிங் பேக்தான். வெளியே இரண்டு டிகிரி இருந்தபோதே என் மகள் இரவு முழுவதும் நடுங்கினாள். ஏமாற்றிவிட்டார்களா? (வாசகி, திருச்சி)

அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பையின் உள்பக்கத் துணியில் தைத்திருக்கும் சீட்டில் பாருங்கள். முறையாகச் சோதிக்கப்பட்ட பைகளில் பல எண்கள் இருக்கும். ‘கம்ஃபர்ட்’ என்பது, சுலபமாகக் குளிர்கிற உடம்புள்ள பெண் ஒருவர் நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. ‘லிமிட்’ என்பது, ஆண் ஒருவர் உடம்பைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கும் எல்லை. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் பிழைப்பதற்கான கணக்கு. கடைக்காரர் பெரிதாக எழுதிவைப்பது பெரும்பாலும் இரண்டாவது எண், சில சமயம் மூன்றாவது. உங்கள் மகளுக்கு முதல் எண் மட்டும்தான் பொருந்தும்.

ஆனால் பையை மட்டும் குறை சொல்லமாட்டேன். கீழே என்ன விரித்தீர்கள்? ஸ்லீப்பிங் பேக்கில் நாம் படுத்திருக்கும் பக்கம் நசுங்கிப்போகும். நசுங்கிய பஞ்சில் காற்று நிற்காது, காற்று நிற்காவிட்டால் கதகதப்பும் இல்லை. உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நல்ல மேட் இல்லாமல் எவ்வளவு விலை கொடுத்துப் பை வாங்கினாலும் பிரயோஜனமில்லை. காற்று ஊதும் மேட்டுக்கு அடியில் மடக்கு ஃபோம் மேட் ஒன்றும் போட்டால் ஷில்ட்டில் கூட முதுகு சில்லிடாது.

படுப்பதற்கு முன் நடந்த உடையை முழுவதும் மாற்றச் சொல்லுங்கள். வியர்வையில் நனைந்த பருத்தி பனியன் விடியும் வரை காயாது. உலர்ந்த கம்பளிக் காலுறை, தலைக்குக் குல்லா. வாய் இறுக மூடும் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, ஒரு காலுறைக்குள் நுழைத்து, தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளட்டும். பாதத்தில் வைப்பதைவிட அங்கே வைத்தால் ரத்தம் வழியாகக் கால் வரை சூடு போகும். சிறுநீரை அடக்கிக்கொண்டு படுக்க வேண்டாம். குளிருக்குப் பயந்து கூடாரத்தின் காற்றுத் துவாரத்தை அடைத்துவிடாதீர்கள். மூச்சில் வரும் ஈரம் துணியில் படிந்து, காலையில் பையின் மேல் சொட்டும்.

அடுப்பையோ கரி கனப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

மலை மேல் சாதம் வேகாது என்கிறார்களே, உண்மையா? (வாசகர், நாகர்கோவில்)

உண்மைதான். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 3,000 மீட்டரில் ஏறக்குறைய 90 டிகிரி. அரிசி நடுவில் நறுக்கென்று நிற்கும், கொண்டைக்கடலையை மறந்துவிடலாம். சுமை தூக்க ஆள் இருந்தால் சின்ன குக்கர் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் அவல், வறுத்த ரவை, சேமியா. நல்லெண்ணெய் மிதக்கும் புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, பருப்புப் பொடி, நெய் இருந்தால் நாலு நாள் ஓடிவிடும். கேஸ் கேனிஸ்டரை விமானத்தில் கையிலும் சரி, பெட்டியிலும் சரி, கொண்டுபோகக் கூடாது. அங்கே போய் வாங்குங்கள். வெறும் பியூட்டேன் வேண்டாம், பனி உறையும் குளிரில் அது ஆவியாகாது. ஐசோபியூட்டேன் கலந்ததாகக் கேளுங்கள்.

எனக்கு வயது 61. ரத்த அழுத்த மாத்திரை எடுத்துக்கொள்கிறேன், நன்றாக நடப்பேன். உயரத்தில் ஆகாமல் போய்விடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். (வாசகர், மதுரை)

வயதைவிட வேகம்தான் அதிகம் கெடுக்கிறது. நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்கள் ஓடி ஏறி, மாலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். அசெட்டசோலமைடு மாத்திரை உங்களுக்கு வேண்டுமா, ஏற்கெனவே எடுக்கும் மருந்தோடு ஒத்துப்போகுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

3,000 மீட்டருக்கு மேலே போனால், படுக்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. தலைவலியோடு குமட்டலோ, அசதியோ, தலைசுற்றலோ வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். குறையாவிட்டால் இறங்குங்கள். நேர்க்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும் விளக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். இந்த நேரத்திலும் பாதை தெரிந்தவர்தான் உங்களைக் காப்பாற்றுவார்.

இரவில் கரடி வருமா? (பள்ளி மாணவி, ஈரோடு)

அந்தக் காட்டில் கறுப்புக் கரடி உண்டு, இன்னும் உயரே பழுப்புக் கரடியும் உண்டு. நம்மைத் தேடி வராது, சாப்பாட்டு வாசனைக்கு வரலாம். அதனால் பிஸ்கட், சாக்லேட் எதையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளாதே அம்மா. சமைக்கும் இடம் தள்ளியே இருக்கட்டும். கரடிக்குப் பயப்படுவதைவிட ஜுஜுரானாவைத் தேடு. பறவைகளின் ராஜா என்று அந்த ஊரார் அழைக்கும் அது இமாச்சலின் மாநிலப் பறவை. கறுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டு, கழுத்தில் சிவப்பு. உலகத்தில் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. மே மாதம் அது முட்டையிட்டு அடைகாக்கும் காலம். பாட்டுப் பெட்டி, கூச்சல் இல்லாமல் இருந்தால் விடியற்காலையில் குரலாவது கேட்கும்.

ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி நாலு நாள் லீவு கிடைக்கிறது. அப்போது போகலாமா? (வாசகர், சென்னை)

வேண்டாம். 2023 ஜூலையில் பியாஸும் அதன் கிளையாறுகளும் பெருகி, குலு மாவட்டத்தில் சாலைகளையும் பாலங்களையும் கொண்டுபோயின. பூங்காவை ஒட்டிய சைஞ்ச் கடைவீதிக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. அந்த மாதங்களில் மலைச்சரிவு எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. செப்டம்பர் கடைசியில் மழை ஓய்ந்துவிடும். அக்டோபரில் வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும், ஓடைகளும் வற்றியிருக்கும், ஆனால் இரவில் பனி உறையும். லீவை ஆயுதபூஜைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.