மலைப் பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு: மிதிவண்டி மாற்றுவோர் கவனத்திற்கு

சில மாதங்களுக்கு முன் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் தம் மனைவியுடன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். அவருடைய இடக்கையின் சிறுவிரலும் மோதிரவிரலும் மூன்று நாள்களாக மரத்துப்போயிருந்தன. பக்கவாதத்தின் தொடக்கமோ என்ற அச்சத்தில் இருவரும் உறங்கவில்லை. பல ஆண்டுகள் அகன்ற டயர் கொண்ட மலை மிதிவண்டியை ஓட்டிவந்த அவர், ஒரு மாதத்திற்கு முன்புதான் சாலை மிதிவண்டிக்கு மாறியிருந்தார். முதல் வாரத்திலேயே நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டத் தொடங்கியிருந்தார். பரிசோதித்தபோது, அது பக்கவாதமன்று என்பதும், உள்ளங்கையின் அடியில் சிறுவிரல் பக்கமாகச் செல்லும் அல்நார் நரம்பு கைப்பிடியால் அழுந்தியதே காரணம் என்பதும் தெரிந்தன.

உடல் ஏன் தடுமாறுகிறது?

மலை மிதிவண்டியின் கைப்பிடி நேராகவும் உயரமாகவும் இருக்கும். கரடுமுரடான பாதையில் ஓட்டுபவர் அடிக்கடி எழுந்தும் சாய்ந்தும் உடலை அசைத்துக்கொண்டே செல்வார். சாலை மிதிவண்டியிலோ கைப்பிடி தாழ்ந்து வளைந்திருக்கும். முதுகு முன்புறம் குனிய, கழுத்து மட்டும் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கும். சாலை சீராக இருப்பதால் இதே நிலையில் ஒரு மணி நேரம்கூட அசையாமல் அமர்ந்துவிடுகிறோம். கை மரத்தல், கழுத்து வலி, இடுப்பு வலி ஆகியவற்றுக்கு வேகத்தைவிட இந்த அசைவின்மையே பெரிதும் காரணமாகிறது.

இருக்கையும் முழங்காலும்

வண்டி வாங்கியதும் முதலில் சரிசெய்ய வேண்டியது இருக்கையின் உயரம். இருக்கையில் அமர்ந்து, மிதியைக் கீழ்நிலைக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு ஒருபுறம் சாயாமல் முழங்கால் நேராக நீண்டால் உயரம் ஏறத்தாழச் சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பதால் முழங்காலில் சிறு மடிப்பு தானாகவே இருக்கும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். மிகவும் உயர்ந்திருந்தால் பின்புறம் வலிக்கும்.

கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிக்கும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். இலகுவான கியரில் நிமிடத்திற்கு 70 முதல் 90 சுற்றுகள் மிதிப்பது மூட்டுக்கு உகந்தது. மூட்டுத் தேய்மானம் உள்ளோர் இதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

கைகள், கழுத்து, இருக்கைப் பகுதி

வளைந்த கைப்பிடியில் மேற்பகுதி, பிரேக் நெம்புகோலின் தலைப்பகுதி, கீழ்வளைவு எனப் பிடிக்க மூன்று இடங்கள் உண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். முழங்கையைச் சற்றே மடக்கி வைத்திருங்கள். பஞ்சு வைத்த கையுறை பயன்தரும். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை சிறிது நேரம் மிதிமேல் எழுந்து நின்றால் இருக்கைப் பகுதியின் நரம்புகளுக்கும் இரத்த ஓட்டத்திற்கும் ஓய்வு கிடைக்கும். அப்பகுதி மரத்துப்போவதைக் கூச்சத்தால் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

டயரும் பிரேக்கும்

மலை மிதிவண்டியின் டயர் இரண்டு அங்குலத்துக்கும் மேல் அகன்றது. சாலை மிதிவண்டியின் டயர் பெரும்பாலும் 25 முதல் 32 மில்லிமீட்டர்தான். முன்பு பொருட்படுத்தாமல் கடந்த குழியும் மணலும் இப்போது உங்களைக் கீழே தள்ளக்கூடும். காற்றழுத்தம் டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. மழையில் நிற்பதற்குக் கூடுதல் தூரம் தேவைப்படும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற இறக்கங்களில், வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். தலைக்கவசம் இன்றி எப்போதும் ஓட்டாதீர்கள்.

எவ்வளவு ஓட்டலாம்?

வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 30 நிமிடம் எனத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி போதுமானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஓட்டும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது மிதமான வேகம்.

முன்னரே மருத்துவரைக் கேட்க வேண்டியோர்

* மாரடைப்பு, ஸ்டென்ட் சிகிச்சை, இதய அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் தொடங்குவோர்.
* பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்வோர். இவர்களுக்கு நாடித்துடிப்பு இயல்பைவிடக் குறைவாகவே உயரும் என்பதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணை மட்டும் நம்பலாகாது.
* இன்சுலின் போடுவோர். புறப்படும் முன் சர்க்கரையைப் பார்த்து, 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் உணவு உண்ட பின்னரே செல்ல வேண்டும். குளுக்கோஸ் கையோடு இருக்கட்டும். சர்க்கரை சில மணி நேரம் கழித்தும் குறையலாம்.
* இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்வோர். விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லாவிடினும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

குடும்பத்தார் அறிய வேண்டியது

ஓட்டிய பின் இரு விரல்கள் மட்டும் மரத்து, ஓய்வில் குறைந்தால் பெரும்பாலும் அது நரம்பு அழுத்தமே. எனினும் ஓரிரு நாளில் குறையாவிட்டாலோ, விரல்கள் வலுவிழந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென வாய் கோணுதல், ஒரு கையோ காலோ தளர்தல், பேச்சுக் குழறுதல், நெஞ்சில் இறுக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். எது அவசரம் எனத் தெளிவாகத் தெரியாத நிலையில், அவசரம் எனக் கொள்வதே பாதுகாப்பு. அந்தத் தம்பதியர் எங்களிடம் வந்ததும் சரியான முடிவே.

அவருக்கு நாங்கள் அறுவை சிகிச்சை எதுவும் செய்யவில்லை. கைப்பிடி சற்று உயர்த்தப்பட்டது. இரண்டு வாரம் ஓய்வு தரப்பட்டது. ஆறு வாரங்களில் உணர்ச்சி முழுமையாகத் திரும்பியது. இப்போது வாரம் மூன்று நாள் 20 கிலோமீட்டர் ஓட்டுகிறார். வண்டியை விட்டுவிட வேண்டுமா என்ற கேள்வியோடு வந்தவருக்கு, வேண்டியதில்லை என்று சொல்ல முடிந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி.