மன்னனாரும் மழலைச் செல்வமும்

ச்ரிய:பதியான ஸர்வேச்வரன் பரமபதத்திலே நித்யஸூரிகளால் இடைவிடாது துதிக்கப்பெற்று எழுந்தருளியிருக்கிறான். அங்கே அவனுக்குக் குறை என்பது ஒன்றும் இல்லை. ஆயினும் அங்குக் கிடைக்காத சுவை ஒன்று உண்டு. "இங்கே வா" என்று அவனை அதட்டி அழைப்பவர் அங்கு யாரும் இலர். முகத்துப் புழுதியைத் துடைத்து, "எங்கே போய்ப் புரண்டு வந்தாய்?" என்று கடிந்துகொள்பவரும் இலர். அனைவரும் தொழுகின்றவர்களே. அச்சுவையை விரும்பியே அவன் ஆய்ப்பாடியில் பிள்ளையாய் வளர்ந்தான் என்று பெரியோர் பணிப்பர்.

நீராட்டுதல், தலை வாருதல், சோறூட்டுதல், பொய்க்கோபம் கொள்ளுதல், சிரிப்பை அடக்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகியவை எல்லா இல்லங்களிலும் நாள்தோறும் நிகழ்பவை. பெற்றோர் இவற்றை அற்பம் என்று எண்ணி மறந்துவிடுகின்றனர். ஆழ்வார்களோ இவற்றையே பாசுரமாக்கினர். சோழநாட்டுத் திருத்தலங்களோ இவற்றையே தம் வரலாறாகவும் உத்ஸவமாகவும் கொண்டு விளங்குகின்றன. அவற்றுட் சிலவற்றை ஈண்டுச் சிந்திப்போம்.

உப்பிடத் தெரியாத பெண்

கும்பகோணத்திற்குக் கிழக்கே, திருநாகேச்வரத்தை அடுத்துள்ளது திருவிண்ணகர். மார்க்கண்டேய மஹரிஷி இங்குத் துளசியின் அடியில் ஒரு பெண் மகவைக் கண்டெடுத்து வளர்த்தார். அவளே பூமிப்பிராட்டி. அவள் வளர்ந்து வருங்காலத்தில் ஒரு முதியவர் ஆச்ரமத்திற்கு வந்து, அவளைத் தமக்கு மணம் செய்து தரும்படி கேட்டார். முனிவர் திகைத்தார். மறுத்தால் அதிதியின் சாபத்திற்கு ஆளாக நேரும். இசையவோ மனம் இடந்தரவில்லை. ஆகவே ஒரு தந்தைக்குத் தோன்றக்கூடிய சாக்கையே அவரும் சொன்னார். "என் மகள் சிறு பெண், சமையலில் உப்புப் போடவும் அறியாதவள், உம்முடைய கோபத்திற்கு அல்லவோ ஆளாவாள்?" என்றார்.

வேதங்களைக் கற்றுணர்ந்த மஹரிஷிக்கு அவ்வேளையில் ஒரு வேதவாக்கியமும் உதவவில்லை, உப்புத்தான் உதவிற்று! வந்தவர் சிறிதும் தளராமல், "உப்பில்லாமல் சமைத்தாலும் அதனையே உவந்து உண்பேன்" என்றார். முனிவர் கண்மூடித் தியானித்தபோது, முதியவராய் வந்தவன் எம்பெருமானே என்பது விளங்கிற்று. அன்று கூறிய சொல்லை இன்றளவும் காத்து நிற்கிறான் அவன். அத்திருக்கோயிலில் தளிகை யாவும் உப்பின்றியே அமுது செய்விக்கப்படுகின்றன. தனக்கு ஒப்பில்லாதவன் என்னும் பொருளுடைய ஒப்பிலியப்பன் என்ற திருநாமம், இதனால் மக்கள் வாயில் உப்பிலியப்பன் என்றும் வழங்கலாயிற்று. தாயாரைப் பிரிந்து பெருமாள் தனியே புறப்பாடு கண்டருளுவதில்லை என்பதும் அத்தலத்தின் வழக்கம். மகளை ஒரு நாளும் பிரியலாகாது என்று தந்தை வேண்டிய வரம் அது என்பர்.

இதனால் அறியவேண்டுவது யாது? மகளுக்கு உப்பிடத் தெரியாது என்று தந்தை சொன்னது குறை கூறுவதற்காக அன்று. அவளைப் பிரிய மாட்டாமையாலே. பெற்றோர் தம் மக்களைப் பற்றிப் பிறரிடம் சொல்லும் குறைகளிற் பலவும் இத்தகையனவே. அவ்வுட்பொருளை எம்பெருமான் அறிந்தான். ஆதலால் அச்சாக்கைப் பொய்யாக்காமல் தன் விரதமாகவே ஏற்றுக்கொண்டான்.

காவிரித்தாயின் மடி

கும்பகோணத்திலிருந்து குடவாசல் செல்லும் சாலையில் உள்ளது திருச்சேறை. கங்கைக்கு நிகரான பெருமை தனக்கும் வேண்டும் என்று காவிரித்தாய் இங்கு ஸார புஷ்கரிணிக்கரையில் தவம் செய்தாள். எம்பெருமான் சங்கு சக்கரங்களோடு உடனே தோன்றவில்லை. ஒரு சிறு குழந்தையாய் வந்து அவள் மடியில் தவழ்ந்தான். பின்னரே ஐந்து நாச்சியாரோடு ஸாரநாதனாய்க் காட்சி தந்தருளினான். மடியில் பிள்ளையோடு விளங்கும் காவிரித்தாயை இன்றும் அங்கு ஸேவிக்கலாம்.

கங்கைக்குக் கிட்டியது திருவடி ஸம்பந்தம். காவிரிக்குக் கிட்டியதோ மடியில் வைத்துக்கொள்ளும் பேறு. ஆடிப் பதினெட்டன்று டெல்டாப் பகுதி மக்கள் சித்ரான்னங்களோடு ஆற்றங்கரை செல்வதும், காவிரி மசக்கை கொண்டவள் என்று சொல்லி அவளுக்குப் படைப்பதும், சிறுவர்கள் சிறு சப்பரங்களை இழுத்துக்கொண்டு முன்னே ஓடுவதும் அவளைத் தாயாகவே கண்ட மரபாகும். எலுமிச்சஞ்சாதத்தைப் பிள்ளைகள் பாதி உண்டு பாதி மணலில் இறைக்க, "காவிரிக்கும் பங்கு கொடுத்தாயா?" என்று பாட்டி சிரித்தபடி வினவுவதும் அவ்வழிபாட்டின் ஓர் அங்கமே.

நீராட மறுக்கும் பிள்ளை

பெரியாழ்வார் அருளிச்செய்தவை, திருப்பல்லாண்டு 12 பாசுரங்களும் பெரியாழ்வார் திருமொழி 461 பாசுரங்களுமாக 473 ஆகும். இவற்றுள் இருபதுக்கு மேற்பட்ட பதிகங்கள் கண்ணனின் பிள்ளைப்பருவத்தைப் பற்றியன. தொட்டிலில் இட்டுத் தாலாட்டுதல், அம்புலியை அழைத்தல், சப்பாணி கொட்டுதல், தளர்நடை நடத்தல், பின்னே வந்து முதுகைக் கட்டிக்கொள்ளுதல், அப்பூச்சி காட்டி அச்சுறுத்துதல் என்று ஒரு பருவத்தையும் விடாமல் ஆழ்வார் யசோதையாகவே நின்று பாடியுள்ளார். இவற்றுக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி மறைந்தமையால், மணவாள மாமுனிகள் அப்பகுதிக்குத் தாமே வ்யாக்யானம் அருளிச்செய்தார். பிள்ளையை நீராட்டும் பாட்டு ஒன்று கூட விடுபடலாகாது என்னும் அக்கறை ஆசார்யர்களுக்கு இருந்தது!

நீராட்டப் பதிகத்தின் நிலையை நோக்குக. பிள்ளையின் உடம்பெல்லாம் வெண்ணெயும் புழுதியும். தாய் எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரமாகக் காத்திருக்கிறாள். இன்று உன் பிறந்த நட்சத்திரம் என்கிறாள்; அவன் அசையவில்லை. தின்பண்டம் சுட்டு வைத்திருப்பதாகச் சொல்லிப் பார்க்கிறாள், அப்போதும் வரவில்லை. முடிவில், இந்தக் கோலத்தில் உன்னை நப்பின்னை கண்டால் சிரிப்பாள் என்று அவன் மானத்தைத் தொடுகிறாள். களத்துமேட்டு வைக்கோற்போரில் சறுக்கி விளையாடி, அரிப்பைச் சொரிந்துகொண்டே "இன்று குளிக்க மாட்டேன்" என்று சாதிக்கும் பிள்ளையைக் கிணற்றடிக்குக் கொண்டு வரத் தஞ்சைச் சீமைத் தாய்மார் கையாளும் உபாயங்கள் இவையே அன்றோ? ஸாம தான பேத தண்டம் என்னும் உபாயங்கள் நான்கும் அரசர்க்கு உரியன என்று நீதிநூல்கள் கூறும். அவற்றை நாள்தோறும் பயில்பவள் தாயே என்க.

காது குத்தும் பதிகம் இன்னும் சுவையுடையது. நோகாது என்று தாய் கூறுகிறாள், பிள்ளை நம்பவில்லை. பாசுரத்திற்கு ஒரு திருநாமமாகக் கேசவன் முதல் தாமோதரன் ஈறாகப் பன்னிரண்டு திருநாமங்களாலும் அவனைக் கொஞ்சி அழைக்கிறாள். நாள்தோறும் திருமண் இட்டுக்கொள்ளும்போது அநுஸந்திக்கப்படும் பன்னிரு திருநாமங்கள், இங்கே காது குத்தப் பிள்ளையை இணக்கும் கொஞ்சுமொழி ஆயின.

அச்செவியின் அழகை ராஜமன்னார்குடியில் காணலாம். ஸ்ரீ ராஜகோபாலன் ஒரு செவியில் குண்டலமும், மற்றொரு செவியில் மகளிர் அணியும் தோடும் சாத்திக்கொண்டு ஸேவை ஸாதிக்கிறான். ஹரித்ராநதியில் கோபியரோடு நீர் விளையாடி, கரையேறிய அவசரத்தில் அணிகலன் மாறிவிட்டது என்று தலபுராணம் கூறும். அவசரமாய்ப் பள்ளிக்குப் புறப்பட்டு, சட்டைப் பித்தானை மாற்றிப் பூட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளையின் கோலம் இது. பெற்ற தாய்க்கு அக்கோலமே பேரழகு. மன்னனாரின் அடியார்க்கும் அவ்வாறே.

மண்ணுண்ட வாயும் கட்டுண்ட வயிறும்

ஸ்ரீமத் பாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தில், கண்ணன் மண் தின்றான் என்று பலராமனும் மற்றச் சிறுவர்களும் யசோதையிடம் கோள் சொல்கின்றனர். அவனோ தான் தின்னவில்லை என்றும், அவர்கள் அனைவரும் பொய்யர் என்றும், ஐயமிருந்தால் வாயைப் பார்க்கலாம் என்றும் சாதிக்கிறான். ஸத்யம் என்று உபநிஷத்து யாரைச் சொல்லிற்றோ, அவனே இவ்வாறு சொல்கிறான்! வாயைத் திறந்தபோது அவள் அதனுள் அண்டம் அனைத்தையும் கண்டாள். கண்டதும் தான் யார், இவன் யார் என்று தெளிந்து கைகூப்ப முற்பட்டாள். அக்கணமே அவன் தன் மாயையால் அத்தெளிவை மறைக்க, அவள் முன்போலவே அவனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முனிவர்கள் தவம் செய்து பெறும் ஞானத்தை இங்கே எம்பெருமான் கொடுத்து, உடனே திரும்பப் பெற்றுக்கொண்டான். ஏனெனில் யசோதை தத்துவம் அறிந்தவளாகிவிட்டால் அவனைத் தொழுவாளேயன்றி எடுத்து அணைக்க மாட்டாள். அவனுக்கு அப்போது வேண்டியது ஸ்தோத்ரம் அன்று, மடி.

உரலில் கட்டும்போதும் இவ்வாறே ஆயிற்று. எத்தனை கயிற்றை முடிந்தாலும் இரண்டு விரற்கடை குறைந்தது. தாய் வியர்த்துக் களைத்ததைக் கண்ட பின்னரே அவன் கட்டுப்பட இசைந்தான். அளவற்றவனைக் கட்டியது கயிறு அன்று, தாயின் களைப்பு. அவ்வெளிமையை நினைந்த நம்மாழ்வார் ஆறு மாதம் மோஹித்திருந்தார் என்பது ஸம்ப்ரதாயம்.

தேவகியின் குறை

இனிக் குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியைக் காண்போம். அதன் எட்டாம் பதிகம் தாலாட்டு. நன்னிலம் பகுதிக்குக் கிழக்கே விளங்கும் திருக்கண்ணபுரத்து எம்பெருமானை ஸ்ரீராமனாகவே கொண்டு, ஆழ்வார் கௌஸல்யையின் நிலையில் நின்று பாடியது. அதற்கு முன்னும் பின்னும் அமைந்த பதிகங்களை நோக்குமிடத்து ஒரு பேருண்மை புலனாகும். ஏழாம் பதிகம் தேவகியின் புலம்பல். ஒன்பதாம் பதிகம், ஸ்ரீராமனைக் கானகம் அனுப்பிய தசரதனின் புலம்பல். இரண்டு கண்ணீருக்கு நடுவே ஒரு தாலாட்டு!

தேவகி பெற்றாள், வளர்க்கவில்லை. பிறந்த இரவே பிள்ளை யமுனையைக் கடந்தான். பின்னர்க் கம்ஸனை வென்ற வீரனாக அவன் அவள்முன் வந்து நின்றான். உலகம் அவன் வெற்றியைப் புகழ்ந்தது. அவளோ வெற்றியை நினைக்கவில்லை. தான் தாலாட்டு இசைக்காததையும், பிஞ்சுக் கையால் அவன் சோற்றை அளைந்து உண்டதைக் காணாததையும், தயிர் தோய்ந்த வாயோடு கயிற்றுக்கு அஞ்சி அழுது நின்ற நிலையைக் காணாததையும் நினைந்தே உருகினாள். அவையெல்லாம் கண்ட யசோதையே இன்பத்தின் எல்லையைக் கண்டவள் என்று கூறி ஏங்கினாள்.

யசோதைக்குத் தொல்லையாய் இருந்தவை எவையோ, அவையே தேவகிக்குக் கிட்டாத செல்வங்கள். கொட்டிய பால், கிழிந்த புத்தகம், சுவரெல்லாம் கிறுக்கிய கரி ஆகியவற்றைக் கண்டு கோபம் கொள்ளும் பெற்றோர் இப்பதிகத்தை ஒருமுறை அநுஸந்திப்பாராக. கடிதல் வேண்டா என்பதன்று. யசோதையும் கடிந்தாள், கட்டியும் வைத்தாள். எனினும் பிள்ளையின் கண் கலங்குமுன் தாயின் கண் கலங்கிற்று. அதுவே அளவு.

இன்று தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டத்து ஊர்களிற் பல வீடுகளில், மக்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ, முதியோர் மட்டும் திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். பேரன் நீராட மறுத்து ஓடுவதைக் கைபேசித் திரையில் கண்டு சிரித்து, திரை அணைந்ததும் மௌனமாகின்றனர். அவர்கள் தேவகியின் மரபினர். அவர்களுக்கும் ஆழ்வார் ஒரு பதிகம் வைத்துப் போனார் என்பது சிறு ஆறுதல் அன்று.

மன்னனார் ஸந்நிதியில்

தக்ஷிண த்வாரகை எனப்படும் மன்னார்குடியில் பங்குனிப் பெருவிழா 18 நாள் நடைபெறுகிறது. கோப்ரளயர், கோபிலர் என்னும் முனிவர்கள் கண்ணனைக் காணத் த்வாரகைக்குப் புறப்பட, அவதாரம் முடிந்துவிட்டதென்று நாரதர் தெரிவித்தார். காலம் கடந்து வந்த அவ்விருவரும் வருந்தித் தவமிருக்க, அவர்களுக்காகவே எம்பெருமான் தன் லீலைகள் 32ஐயும் இங்கு மீண்டும் நடத்திக் காட்டினான். காணத் தவறியவர்க்கும் காட்டுபவன் அவன் என்பதற்கு இத்தலமே சான்று. பதினாறாம் நாள் வெண்ணெய்த்தாழி உத்ஸவத்தில், குடத்தைக் கையணைத்துத் தவழும் பிள்ளையாய் அவன் எழுந்தருள, அடியார்கள் வெண்ணெயை அவன் திருமேனியில் வீசி மகிழ்வர்.

மகப்பேறு வேண்டி வருவோரின் மடியில் ஸந்தான கோபாலனை எழுந்தருளப் பண்ணும் வழக்கமும் இங்கு உண்டு. அச்சிறு திருமேனியை ஏந்தும் பெண்டிரின் கைகள், தூங்கும் குழந்தை விழித்துவிடலாகாதே என்பது போல அசையாதிருக்கும். காவிரித்தாய்க்குக் கிட்டிய மடிப்பேறு அக்கணத்தில் அவர்களுக்கும் கிட்டுகிறது.

விழாக் கூட்டத்தில், பிள்ளையைத் தோள்மேல் தூக்கிவைத்துக்கொண்டு தந்தையர் பலர் நிற்பர். முன்னிற்பவர் தலை மறைப்பதால் தந்தைக்குப் பெருமாள் தெரியார். "தெரிகிறதா?" என்று மேல்நோக்கிக் கேட்பார். "தெரிகிறது அப்பா! பெருமாளும் தவழ்கிறார், முகமெல்லாம் வெண்ணெய்! அவரை யார் குளிப்பாட்டுவார்கள்?" என்று பிள்ளை கூவும். அருகில் உள்ளோர் அனைவரும் நகைப்பர். அக்கேள்விக்கு விடை பெரியாழ்வார் திருமொழியில் உள்ளது. வீடு திரும்பியதும் பெற்றோர் அதனைத் தம் மக்களுக்குச் சொல்லிக் கொடுப்பாராக.

மழலைச் செல்வம் உடையோர் அதன் அருமை உணர்ந்தும், வேண்டுவோர் அதனைப் பெற்றும், பிரிந்திருப்போர் கூடியும், மன்னனார் திருவருளால் நீடூழி வாழ்க.