வெள்ளகவி மலைவழி

பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அருவியருகே நின்று வடக்கே நோக்குவார்க்குப் பழனிமலைத்தொடர் நெடுமதிலென நிமிர்ந்து தோன்றும். அம்மதிலின் மேல், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது கோடைக்கானல். பேருந்தில் செல்வோர் மலையைச் சுற்றி வளைந்து ஏறுவர். கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி என்னும் சிற்றூர் வழியாக நேரே மேலேறும் ஒற்றையடிப்பாதையும் ஒன்று உண்டு. ஒரு பகற்பொழுது முழுதும் நடந்தாலன்றி அதனைக் கடத்தல் அரிது.

இவ்வழியே ஏறுவோர் வைகறையிற் புறப்படுதல் நலம். முதுகுச் சுமையில் நீரும் உணவும் போர்வையும் மழையுடையும் இருப்பின் போதும். அடிவாரத்தில் இலேசாகத் தோன்றிய பொருள் ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் நடந்தபின் தன் எடையை நன்கு உணர்த்திவிடும். வனத்துறையின் இசைவையும் முன்னரே பெறுதல் வேண்டும். 2018 மார்ச்சுத் திங்களில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையிற் காட்டுத்தீ மூண்டது. மலையேறச் சென்றோர் இருபதின்மருக்கு மேல் அதில் மாண்டனர். உலர்ந்த புல் எத்துணை விரைவிற் பற்றும் என்பதை அறிந்தோர் இக்கட்டுப்பாட்டைத் தடையெனக் கருதார்.

மலைவழியின் இடர்களைத் தமிழ்ப் புலவர் பண்டே ஆராய்ந்துள்ளனர். மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுமிடத்து, பன்றிப் பொறி, பாம்புறையும் குழி, வழுக்கும் பாறை, தினைக்காவலர் எறியும் கவண்கல் ஆகியவற்றைக் கூறி எச்சரிக்கின்றார். அவற்றுட் கவண்கல்லுக்கு இன்று அஞ்ச வேண்டுவதில்லை; வழுக்கும் பாறைக்கு அஞ்சியே ஆகவேண்டும். காட்டெருதும் யானையும் உலவும் காடாதலின் செவியும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

அடிவாரத்தில் முட்புதர்களும் வறண்ட மரங்களுமே மிகுதி. ஏற ஏற நிழல் அடர்கிறது. காற்றிற் குளிர்ச்சி கூடுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு பாகை குறையும் என்பர் அறிவியலார். நடப்பவன் இதனை நூலிற் கற்க வேண்டா. வியர்த்த சட்டையே அவனுக்குக் கற்பிக்கும்.

இடைவழியில் உள்ள வெள்ளகவி பழமையான ஊர். 1821-இல் இம்மலையை அளக்க வந்த வார்டு என்னும் ஆங்கில அளவையாளர் இவ்வூரிலிருந்தே மேலே ஏறினார். வீடுகளும் கோயில்களும் நெருங்கி நிற்பதால் ஊரினுள் யாரும் காலணி அணிவதில்லை. வருவோரும் அவ்வாறே கழற்றிவிடுதல் முறை. ஊரார் காப்பி முதலியவற்றைப் பயிரிடுகின்றனர். வண்டிச்சாலை இன்றிப் பல தலைமுறை வாழ்ந்தமையால், விளைபொருள் சந்தைக்குச் சென்றதும், உப்பும் அரிசியும் ஊருக்கு வந்ததும் குதிரை முதுகிலும் மனிதர் தலையிலுமே. ஒரு நாள் இன்பத்திற்காகச் சுமை தூக்கி வருபவன் இவ்வூரில் தன் களைப்பைப் பெரிதாகப் பேச நாணுவான்.

வெள்ளகவிக்கு மேல் ஏற்றம் மிகக் கடிது. அதனைக் கடந்தால் டால்பின் மூக்கு எனப்படும் பாறை, ஆழ்ந்த பள்ளத்தின்மேல் நீண்டு நிற்கும். அப்பால் வட்டக்கானல், அதன் மேல் கோடைக்கானல்.

சிறுமலையில் மலேரியாவால் துன்புற்ற அமெரிக்கப் பாதிரிமார் 1845-இல் கோடைக்கானலில் முதல் இரு வீடுகளைக் கட்டினர். பின்னர் வந்தோர் பலர் பெரியகுளத்திற்கு அருகிலுள்ள கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை மாட்டுவண்டியில் வந்து, அங்கிருந்து செண்பகனூர் வழியாகச் செல்லும் மற்றொரு மலைப்பாதையில் ஏறினர். நடந்தோர் சிலர், குதிரையேறினோர் சிலர், நாற்காலியில் அமர்ந்து கூலியாட்களின் தோள்மேற் சென்றோர் பலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைச்சாலை முடிவுற்றபின் அத்தோள்கள் ஓய்வு பெற்றன. அதன்பின்னும் நெடுங்காலம் வெள்ளகவியில் நோயுற்றோரையும் பேறுகாலப் பெண்டிரையும் தூளியிலிட்டு, ஊரார் மாறி மாறித் தோள்கொடுத்து, இவ்வொற்றையடிப்பாதை வழியே மருத்துவமனைக்குச் சுமந்து சென்றனர்.