கருதுகோள் சோதனை – ஓர் அறிமுகம்

கிண்ணத்தில் முதலில் ஊற்றப்பட்டது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே கூறமுடியும் என்றார் ஓர் ஆங்கிலப் பெண்மணி. இத்தகைய சோதனையை ஆர். ஏ. பிஷர் 1935 இல் தமது நூலில் விளக்கினார். எழுமாறாக வழங்கப்படும் 8 கிண்ணங்களுள் பால் முதலில் ஊற்றப்பட்ட 4 ஐயும் அவர் தெரிதல் வேண்டும்.

சூனியக் கருதுகோள்: அவருக்கு அத்திறன் இல்லை; கூறுவது வெறும் ஊகம்.

நிராகரிப்பு எல்லையை 0.05 என முன்னரே தீர்மானிப்போம். 8 இலிருந்து 4 ஐத் தெரியும் வழிகள் 70. எனவே, ஊகத்தால் நான்கும் சரியாதலின் நிகழ்தகவு 1/70, அதாவது அண்ணளவாக 0.014. இது 0.05 இலும் குறைவு. சூனியக் கருதுகோள் நிராகரிக்கப்படும்.

மூன்று மட்டும் சரியெனின்? மாணவர் பலர் தவறுவது இங்கேதான். அதற்கான வழிகள் 4 × 4 = 16. நான்கும் சரியாகும் ஒரு வழியையும் கூட்டுக: 17/70, அண்ணளவாக 0.24. நிராகரிக்க முடியாது. ஆயினும் “திறன் இல்லை என நிறுவப்பட்டது” என எழுதுதல் பிழை. “போதிய சான்று இல்லை” என்றே எழுதுக.